பெட்டிக்குள் ஒரு கரண்டிக் கடல்

ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் ஐந்தாம் மாடியில் இருக்கும் அருளானந்தன் உண்மை சொன்னவர் என்பதற்கு எழுத்தில் உள்ள ஒரே ஆதாரம் அவருடைய கடவுச்சீட்டு. அதிலும் பிறந்த திகதி பிழை.

மனிதர் பொய்யர் அல்ல. பொய்யருக்கு ஏதாவது தேவை இருக்கும். இவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஒரு கதை மெலிந்து போய்க் கிடந்தால் அதற்குச் சாப்பாடு போடாமல் விட மனம் வராது, அவ்வளவுதான். சுரங்க ரயில் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு நரி ப்ரின்செங் நிலையத்தில் இறங்கி, மோர்டென்ஸ்ருட் போகும் ரயிலுக்கு மாறியதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொல்வார். "அவசரப்படேல்லை. இறங்கிற ஆக்களை விட்டிட்டுத்தான் ஏறினது" என்று முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சேர்ப்பார்.

இதன் பலன் ஜனவரியில் தெரிந்தது. ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மலர், நெஞ்சுக்கு மேலை ஆரோ ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். மனைவி ஞானமலர், "ஆர், அந்த நரியோ?" என்று கேட்டுவிட்டு அரிசி கழுவப் போய்விட்டார். விஷயம் மெய்தான் என்று அவர் அறிய இருபது நிமிடம் சென்றது. அந்த இருபது நிமிடமும் சோபாவில் கிடந்தபடி அருளானந்தன் ஒன்றைத்தான் யோசித்தார்: நான் செத்தாலும் இந்தச் சனம் நம்பாது. ஒரு தடவையாவது நம்பவைத்துவிட்டுப் போக வேண்டும்.

வைத்தியர் மாத்திரை கொடுத்தார். ஆறு மீட்டருக்குக் கீழே சுழியோடக் கூடாது என்றார். ஓய்வு பெற்ற பிறகு, நாலு வருடத்துக்கு முன், கடலுக்கடியில் சுழியோடப் பழகிய ஆள் அருளானந்தன். அதற்கென்று ஒரு கிளப்பிலும் சேர்ந்திருந்தார். ஞானமலர் வைத்தியருக்கு மேலால் தானும் ஒரு சட்டம் போட்டார். ஒக்டோபர் கடைசி ஞாயிறு, குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றும் நாள். அன்றோடு கடலும் சரி, காற்றுச் சிலிண்டரும் சரி, முடிவு.

அப்படி இருக்கையில்தான், ஓகஸ்டில், அவர் சிங்க இறாலைக் கண்டார்.

ஒஸ்லோவில் வாடகை மின் ஸ்கூட்டர்களைக் கடலுக்குள் தள்ளிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. அப்படி ஒன்று, எந்த இறங்குதுறை என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை, ஐந்து மீட்டர் ஆழத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே விழாமல் நிமிர்ந்து நின்றது. அதன் மேலே ஒரு சிங்க இறால். இரண்டு கொடுக்கும் இரண்டு கைபிடியில். வாலை நீட்டி, முன்னுக்குப் பார்த்தபடி, வேலைக்குப் பிந்திப் போகிற ஆள் மாதிரி நின்றது.

இதில் அவர் ஒரு சொல்லும் கூட்டவில்லை. கூட்ட இடமும் இருக்கவில்லை.

சனிக்கிழமைகளில் மோர்டென்ஸ்ருட்டில் தமிழ் வகுப்பு நடக்கும்போது பெரியவர்கள் பக்கத்து அறையில் தேத்தண்ணியோடு இருப்பார்கள். அங்கே இதை அப்படியே சொன்னார்.

"ஹெல்மெட் போட்டிருந்ததோ, அருளண்ணை?" என்று கேட்டார் சிவானந்தன். அந்த அறையில் வாய் ஓயாத ஆள் அவர்தான்.

"விசர்க்கதை கதையாதையும். நான் கண்டதைச் சொல்லுறன்."

"சிங்க இறாலுக்கு எங்கையண்ணை கொடுக்கு? மீசையெல்லோ இருக்கும்."

"அது எங்கடை ஊரிலை. இஞ்சத்தையானுக்குக் கொடுக்கு உம்மடை கையை விடப் பெரிசு."

அறை குலுங்கியது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் சோதிலிங்கத்தைப் பார்த்தார்கள்.

சோதிலிங்கம் ஸ்டோவ்னரில் இருப்பவர். முப்பத்தொரு வருடம் நகரத்து பஸ் ஓடி ஓய்வு பெற்றவர். கடலில் அருளானந்தனுக்கு இணை அவர்தான். இரண்டு பேரின் இடுப்பையும் மூன்று மீட்டர்க் கயிறு ஒன்று இணைத்திருக்கும். அவர் சொன்னால் சொன்னதுதான். பதினைந்து வருடமாகத் தமிழ்ப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டியில் முடிவுக் கோட்டில் நின்று ஆர் முதல், ஆர் இரண்டாவது என்று சொல்வது அவருடைய கண். இரண்டு பிள்ளைகள் மூக்கோடு மூக்காக வந்தாலும் சோதிலிங்கம் கையைக் காட்டினால் தாய்மார் வாய் திறக்க மாட்டார்கள்.

"சோதியண்ணை, நீங்களும் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்?"

சோதிலிங்கம் கோப்பைக்குள் பார்த்தார். "நான் ஒண்டும் காணேல்லை."

அருளானந்தன் மனதுக்குள் அளந்து பார்த்தார். மூன்று மீட்டர்க் கயிறு. இறால் இருந்தது ஒரு மீட்டர் தூரத்தில். மனிதர் அதன் பக்கமாகத்தான் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். காணவில்லையாம்!

சரி, படம் எடுத்தே காட்டுவோம் என்று முடிவு செய்தார். கைத்தொலைபேசிப் படம் உதவாது; சொல்லச் சொல்லக் கணினியே படம் கீறிக் கொடுக்கிற காலம் இது. பிலிம் வேறு. நெகட்டிவ்வை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினால் சிவானந்தனாலும் வாய் திறக்க முடியாது. தொண்ணூறுகளில் ஒஸ்லோவின் பாதிச் சாமத்தியவீட்டுப் படங்களை எடுத்த அவருடைய பழைய கமரா அலுமாரியில் கிடந்தது. அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோக ஒரு பெட்டி வேண்டும்.

செப்டெம்பரில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியக் குழு நடத்திய லொப்பமார்க்கெட்டில், பழைய சாமான்கள் குவிந்திருந்த மேசைக்கடியில், ஐம்பது வருடப் பெட்டி ஒன்று அகப்பட்டது. சாம்பல் நிற வார்ப்பு அலுமினியம், முன்னுக்குத் தடித்த கண்ணாடி, வெளியே நாலு குமிழ், பின்மூடியை இறுக்க இரண்டு கொளுவி. அவருடைய கமராவுக்கென்றே வார்த்த பெட்டி. இந்தப் பொருத்தத்தையும் அவர் பிறகு சொல்லிப் பார்த்தார். அதையும் ஒருவரும் நம்பவில்லை.

பெட்டிக்கு உயிர் ஒரு கறுத்த ரப்பர் வளையத்தில் இருந்தது. பின்மூடிக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு தவாளிப்பு, அதற்குள் வளையம். அதில் ஒரு தலைமயிர் கிடந்தாலும் கடல் உள்ளே வந்துவிடும். பட்டறைக்காரருக்கு இது சொல்லிக் கொடுக்க வேண்டிய வேலையல்ல. பழைய வளையத்தை எறிந்து அதே தடிப்பில் புதியது போட்டார். தவாளிப்பைக் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியால் துடைத்தார். ஒவ்வொரு குமிழையும் கழற்றித் தண்டுக்குச் சிலிக்கன் கிறீஸ் பூசினார். குளியல் தொட்டியை நிரப்பி, வெறும் பெட்டியைக் கல்லுக் கட்டி இறக்கி, ஒரு மணித்தியாலம் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு குமிழி வரவில்லை. திறந்தால் உள்ளே கடுதாசி மாதிரிக் காய்ந்து கிடந்தது.

ஒக்டோபர் முதல் ஞாயிறு கடலுக்குள் இறங்கினார்கள். இறால் நின்றது. பத்துப் படம் எடுத்தார். கரையில் வந்து திறந்தால் பெட்டிக்குள் ஒரு கரண்டித் தண்ணீர். பிலிம் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிக் கிடந்தது.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியை நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, குமிழ்களைத் திருகி உப்பைக் கழுவி, துடைத்து, புதன்கிழமை மறுபடி தொட்டிக்குள் இறக்கினார். ஒரு துளி இல்லை. இரண்டாம் ஞாயிறு கடலுக்குள் போனால் மறுபடி ஒரு கரண்டி. கமரா தப்பியது, அடியில் ஈரம் உறிஞ்சக் குழந்தைகளின் பம்பர்ஸ் துண்டு ஒன்று வைத்திருந்தபடியால். பிலிம் தப்பவில்லை.

வீட்டில் ஒழுகாது. கடலில் ஒழுகும். வீட்டுக்கும் கடலுக்கும் என்ன வித்தியாசம்? உப்பு. ஆழம். சோதிலிங்கம்.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தியது. காரிலிருந்து துறைவரைக்கும் பெட்டியைக் காவுவது அவர்தான். "உமக்கு நெஞ்சு, பாரம் தூக்கக் கூடாது" என்று வாங்கிக்கொள்வார். அருளானந்தன் குனிந்து காலுக்குத் துடுப்பு மாட்டுகிற நேரம் பெட்டி அவருடைய மடியில். ஒவ்வொரு ஞாயிறும், "இண்டைக்கும் படம் எடுப்பீரோ?" என்று ஒரு மாதிரியான குரலில் கேட்பார். கரையிலேயே கமராவை அவர் பக்கம் திருப்பினால் முதுகைக் காட்டப் பார்ப்பார். 'காணேல்லை' என்று சொன்னவருக்குப் படம் வந்தால் என்ன ஆகும்? பதினைந்து வருடத்துக் கண்ணின் மானம் போகும். அப்போது கொளுவியைக் கொஞ்சம் தளர்த்தி விடுகிறாரோ?

முப்பது வருடச் சிநேகிதர். ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டால் அதற்கு வயது வித்தியாசம் தெரியாது.

மூன்றாம் ஞாயிறு காலை அவர் பொறி வைத்தார். பெட்டியைப் பூட்டிய பிறகு இரண்டு கொளுவிக்கும் குறுக்கே ஞானமலரின் தையல்நூல் ஒன்றை இழுத்து, அவருடைய நகப்பூச்சு கியூட்டெக்ஸைப் பூசி ஒட்டினார். ஆர் கொளுவியைத் தொட்டாலும் நூல் அறும்.

"இஞ்சருங்கோ, என்ரை கியூட்டெக்ஸ் எங்கை?"

"எனக்கென்ன தெரியும்?"

"உங்கடை பெருவிரல் சிவப்பாக் கிடக்கு."

அன்று பெட்டியை வாங்கிய சோதிலிங்கம் நூலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததும் சந்தேகமாகத்தான் இருந்தது.

கடலிலிருந்து ஏறி வந்தார்கள். நூல் அறவில்லை. கியூட்டெக்ஸ் அப்படியே பளபளத்தது. பெட்டிக்குள் ஒரு கரண்டித் தண்ணீர்.

இது சோதிலிங்கத்தை விடுதலை செய்திருக்க வேண்டும். ஆனால் அருளானந்தன் வீடு திரும்பும் வழியெல்லாம், நூலை அறுக்காமல் கொளுவியைத் திறக்கிற வித்தை பஸ்காரருக்குத் தெரியுமோ என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தார். கதவுகளோடு முப்பத்தொரு வருடம் இருந்தவரெல்லோ.

குசினி மேசையில் பழைய பேப்பர் விரித்து, வளையத்தைக் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கிறீஸுக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சாம்பல் நிறப் பொடி.

"மண் போட்டிருக்கிறான்" என்றார் மெதுவாக. "மலர், இஞ்சை வந்து பாரும். நைசான மண். இது தெரிஞ்ச ஆள் செய்த வேலை."

ஞானமலர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து கணவரின் நெற்றியைப் பார்த்தார்.

"இது திருநீறெல்லோ."

"என்ன?"

"கடலுக்குப் போற நாளிலை மட்டும்தானே நீங்கள் காலமை சாமியறைக்குள்ளை போறனீங்கள். மூண்டு விரலாலையும் திருநீறு அள்ளிப் பூசுறது. பிறகு அதே விரலாலை இந்தக் கிறீஸை எடுத்துத் தடவுறது. புதன்கிழமை தொட்டியிலை விடேக்கை கும்பிட்டனீங்களோ?"

அருளானந்தன் மூன்று விரல்களையும் விரித்துப் பார்த்தார். ஜனவரிக்குப் பிறகுதான் இந்தப் பக்தி. கடலில் ஒன்றும் நடக்கக் கூடாது என்று பயந்து பூசியது. நூல் கட்டிச் சிநேகிதரைச் சோதித்தவர், தன் விரலைச் சோதிக்கவில்லை.

"முதல் பெட்டியைப் பூட்டுங்கோ. பிறகு கும்பிடுங்கோ" என்றார் ஞானமலர். "கடவுள் பாத்துக்கொண்டு நிப்பார். ரப்பருக்கு அந்தப் பொறுமை இல்லை."

ஒக்டோபர் கடைசி ஞாயிறு. கடைசி நாள். அருளானந்தன் எழும்பி, சத்திரசிகிச்சைக்குப் போகிற வைத்தியர் மாதிரி மூன்று தரம் கைக்குச் சவர்க்காரம் போட்டார். வளையத்தைக் கழுவி, துடைத்து, மினுக்கம் தெரிகிற அளவுக்கு மட்டும் கிறீஸ் பூசி, தவாளிப்புக்குள் பதித்து, பிலிம் போட்டு, பூட்டினார். பிறகுதான் சாமியறை. மன்னிப்புக்கும் சேர்த்து அன்று கொஞ்சம் கூடுதலாகப் பூசினார்.

தரையில் அரிசிமூட்டை மாதிரிக் கனத்த பெட்டி தண்ணீருக்குள் கையிலிருந்து தானாக மிதந்தது. குளிருக்குக் கடல் தெளிந்திருந்தது. இறால் தன் வாகனத்தில் நின்றது. அதற்குப் பின்னால் கயிற்றின் மறு நுனியில் சோதிலிங்கம், கைகளைக் கட்டியபடி, கோயிலில் நிற்பவர் மாதிரி. அருளானந்தன் விளக்கை இரண்டு பேருக்கும் நேராகப் பாறையில் வைத்துவிட்டு, ஒரு குமிழைத் திருகி, மற்றதை அழுத்தினார். பிலிமைச் சுற்றி மறுபடி அழுத்தினார். முப்பத்தாறு தரம். இறாலும் சோதிலிங்கமும் சேர்ந்து விழுந்தவை பதினொன்று. மற்ற எல்லாம் இருண்டு போயின என்று பிறகு தெரிந்தது.

கரையில் திறந்தார். பம்பர்ஸ் துண்டு காய்ந்து கிடந்தது.

கடையில் கழுவக் கொடுக்க மனம் வரவில்லை. கடைக்காரன் மேலும் அவருக்கு ஒரு சந்தேகக் கண் இருந்தது. திங்கட்கிழமை குளியலறைக் கதவடியில் துவாயைச் சுருட்டி வைத்து, இருட்டில் பிலிமைக் கழுவும் டப்பாவின் சுருளில் ஏற்றி, தானே கழுவினார். காய்ந்த பிறகு யன்னல் கண்ணாடியில் வைத்து, கைத்தொலைபேசியால் படம் பிடித்து, கறுப்பை வெள்ளையாக மாற்றிப் பெருப்பித்தார்.

சிங்க இறால். ஸ்கூட்டர். இரண்டு கைபிடி, இரண்டு கொடுக்கு. பின்னால் முகமூடிக் கண்ணாடிக்குள் சோதிலிங்கத்தின் முகம், ஊரே அடையாளம் சொல்லும்.

கண் மூடியிருந்தது.

இமைத்திருப்பார் என்று அடுத்ததைப் பார்த்தார். மூடியிருந்தது. அதற்கடுத்தது. பதினொரு படம், பதினொன்றிலும் மனிதர் கண்ணை இறுக மூடி, முகத்தில் ஒரு பால்குடிப் பிள்ளையின் அமைதியோடு நின்றார்.

சனிக்கிழமை மோர்டென்ஸ்ருட்டுக்குச் சோதிலிங்கத்தின் காரில் போனார்கள். பாதி வழியில் அருளானந்தன் தொலைபேசியை அவர் முன்னால் நீட்டினார்.

"இது ஆர்?"

சோதிலிங்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு வாழ்நாளில் செய்யாத காரியமாக, பஸ் தரிப்பிடத்துக்குள் காரை விட்டு நிறுத்தினார்.

"எத்தினை நாளா இப்பிடிக் கண்ணை மூடுறீர்?"

"முதல் நாளிலையிருந்து."

"நாலு வருசமாவோ! அப்ப கீழை என்னை ஆர் பாத்தது?"

"கயிறு இருக்குத்தானே. இழுத்தால் தெரியும்."

"நெஞ்சு வருத்தக்காரனைக் கயிறிலை கட்டிப்போட்டு நீர் நித்திரை கொண்டனீர்."

"நித்திரை இல்லை, அருள்." சோதிலிங்கம் ஸ்ரியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடியே இருந்தார். "பஸ்ஸிலை ஆறு கண்ணாடி. முன்னுக்கு, பக்கத்துக்கு, உள்ளுக்கு, கதவுக்கு. முப்பத்தொரு வருசம் மாறி மாறிப் பாத்தனான். இப்ப வீட்டிலை படுத்துக் கண்ணை மூடினாலும் கண்ணாடிதான் தெரியுது, ஆரோ ஓடி வருகினம். தண்ணிக்குள்ளை மட்டும்தான் ஒண்டும் தெரியிறேல்லை. நான் என்ன செய்ய?"

பின்னால் வந்து நின்ற பஸ் நீளமாகக் கோர்ன் அடித்தது. சோதிலிங்கத்தின் காது சிவந்தது. காரை எடுத்தார்.

"நீர் இறாலைக் கண்டது மெய்யெண்டு எனக்குத் தெரியாது. அதாலை காணேல்லை எண்டனான். அது பொய் இல்லைத்தானே?"

"இல்லை."

"உந்தப் படத்தை இண்டைக்குக் காட்டப்போறீரோ?"

அருளானந்தன் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"காட்டும். உம்மடை படம்" என்றார் சோதிலிங்கம். "ஆனால் பதினைஞ்சு வருசத்து ஓட்டப்போட்டி எல்லாத்தையும் திருப்பி ஓடச் சொல்லுவாங்கள்."

முகத்தை வெட்டிவிட்டு இறாலை மட்டும் காட்டலாம்தான். ஆனால் நெகட்டிவ்வில் முகத்தை வெட்ட முடியாது; அது இல்லாமல் காட்டினால் சிவானந்தன், எந்த இணையத்தில் எடுத்தது என்பார். அந்தப் படத்தை உண்மையாக்குவதே அந்த முகம். அந்த முகத்தில் அந்தக் கண்.

அறைக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அருளானந்தனின் உள்பையில் நெகட்டிவ் உறை இருந்தது. சிவானந்தன் கதிரையைத் திருப்பிப் போட்டார்.

"கடைசிக் கிழமை முடிஞ்சுது, அருளண்ணை. எங்கை படம்?"

அருளானந்தன் கையை உள்பைக்குள் விட்டார். உறையின் ஓரம் விரலில் பட்டது. இருபது நிமிடச் சோபா ஞாபகம் வந்தது. எதிரே சோதிலிங்கம் சுவரில் இல்லாத ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தது கைலேஞ்சி. மூக்கைத் துடைத்தார்.

"திரும்பவும் தண்ணி பூந்திட்டுது" என்றார். "ஒரு கரண்டி."

"அந்தக் கரண்டியை இறாலே கொண்டந்து ஊத்தினதோ?"

அறை குலுங்கியது. ஆரோ மேசையில் அடித்தார்கள். அருளானந்தனும் சிரித்து வைத்தார். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

"நான் கண்டனான்."

சொன்னது சோதிலிங்கம். அறை அப்படியே நின்றது.

"போன ஞாயிறு நான் கண்டனான்" என்றார் மறுபடி. பொய் அவருக்குப் பழக்கமில்லாத வேலை. "அருள் சொன்னது முழுக்க மெய். ஸ்கூட்டரிலை நிண்டது. ரெண்டு கைபிடியையும் பிடிச்சுக்கொண்டு."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிவானந்தன் கோப்பையை வைத்துவிட்டு, "எவ்வளவு பெரிசு, சோதியண்ணை?" என்று மரியாதையாகக் கேட்டார்.

சோதிலிங்கம் யோசித்தார். கைகளை விரித்தார். போதாது என்று பட்டதோ என்னவோ, இன்னும் கொஞ்சம் விரித்தார். நாலு முழம் வந்தது. "இவ்வளவு. ஒரு கொடுக்காலை பிரேக்கை அமத்திக்கொண்டு நிண்டது. என்னைக் கண்டோடனை மற்றக் கொடுக்காலை மணியை அடிச்சது."

"மணியையோ!"

"ஓம். ரெண்டு தரம்."

"கடவுளே" என்றார் சிவானந்தன். அறை முழுக்கத் தலையாட்டியது. ஆரோ அருளானந்தனின் தோளைத் தட்டி, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, நாங்கள்தான் பிழையா நினைச்சிட்டம்" என்றார்கள்.

அருளானந்தனுக்கு இருக்கை கொள்ளவில்லை. அந்த இறால் வாலோடு சேர்த்து ஒரு முழம் இருந்தால் அதிகம். அந்த ஸ்கூட்டரில் மணியே கிடையாது. நெகட்டிவ்வில் பார்த்திருந்தார், பதினொரு படத்திலும் பார்த்திருந்தார்.

"அவ்வளவு பெரிசில்லை" என்றார்.

ஒருவரும் நம்பவில்லை.